மாடியில் இருந்தேன்

அந்தப் பெண் கதவைச் சாத்தியதும் ஃபேன் சத்தம் நின்றது, தெருவில் போன ஆட்டோ நின்றது, வெளியே உட்கார்ந்திருந்த கணவர் ஞானதுரையின் இருமலும் நின்றது. ஆனால் இதில் எதெல்லாம் உண்மையிலேயே காதில் விழுந்துகொண்டிருந்தது, எதெல்லாம் இருக்கும் என்று தானாக நினைத்துக்கொண்டது என்று சுகிர்தமணிக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. சிறிய அறை. சுவரெல்லாம் சாம்பல் நிறப் பஞ்சு. ஒரு குளியலறை அளவுதான் இருக்கும் என்று நினைத்தாள், நினைத்ததுமே மனசு சுருக்கென்று பின்வாங்கியது, குளியலறை வேண்டாம், எஸ்.டி.டி. பூத் என்று வைத்துக்கொள்ளலாம், ஆமாம், விருதுநகர் பஸ் ஸ்டாண்டில் வரிசையாக இருந்ததே, அதே அளவு, அதே கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பர்வீன் என்ற அந்தப் பெண் ஒரு மிஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டிருந்தாள். இருபத்தாறு, இருபத்தேழு வயசு இருக்கும். காதுப் பரிசோதனை செய்கிறவள் என்பதால் நிறையப் பேரிடம் உரக்கப் பேசிப் பேசிக் குரல் கொஞ்சம் தடித்திருந்தது; அது சுகிர்தமணிக்கு வசதியாக இருந்தது. "சிவப்பு வலது காது, நீலம் இடது காதும்மா. உள்ள சின்னதா பீப் சத்தம் வரும். ரொம்ப மெல்லிசா, எங்கேயோ தூரத்துல கேக்குற மாதிரி இருந்தாக்கூடப் பட்டனை அமுக்குங்க. கேக்கலைன்னா சும்மா இருங்க. தப்பு ரைட்டுன்னு எதுவும் கிடையாது." தப்பு ரைட்டு இல்லாத பரீட்சை எங்கே இருக்கிறது என்று சுகிர்தமணி நினைத்துக்கொண்டாள். ஹெட்போனின் பஞ்சு காதைக் கவ்விக்கொண்டது. அந்தக் கவ்வல் மட்டும் புதுசு இல்லை. தலையின் மேல் ஒரு கம்பி, காதின் மேல் ஒரு அழுத்தம், முன்னால் ஒரு மிஷின்: இருபத்தோரு வயசில் முதல் நாள் உட்கார்ந்தபோது முதுகு எப்படித் தானாக நிமிர்ந்ததோ அப்படியே இப்போதும், அறுபத்தேழு வயசில், எழுபத்து நான்கு கிலோவோடு, நிமிர்ந்தது.

முதல் சத்தம் வந்தது. அழுத்தினாள். இரண்டாவது வந்தது, மூன்றாவது வந்தது, அழுத்தினாள், அழுத்தினாள். சுலபமாகத்தான் இருந்தது. பெங்களூரிலிருந்து ஷைனி போனில் கத்தியதெல்லாம் வீண், "அம்மா, நான் ஒண்ணு கேக்குறேன், நீ ஒண்ணு சொல்ற, தயவுசெஞ்சு மதுரைக்குப் போய் டெஸ்ட் எடு" என்று பதினைந்து நாளாக ஒரே பாட்டு. இந்தா பார், எல்லாம் கேட்கிறது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் இவளுக்கு என்ன பெயர் என்று அந்தப் பிள்ளைக்கு எங்கே தெரியும். வெளியூர் லைன்களை இணைக்கிற டிரங்க் போர்டில் மோசமான லைன் வந்தால், மழைக்காலத்தில் கொச்சி லைன், எப்போதுமே பம்பாய் லைன், "சுகிர்தாகிட்ட கொடு, அவ காது எடுத்துரும்" என்பார்கள். கடல் இரைகிற மாதிரி ஒரு இரைச்சலுக்கு நடுவில், மிளகாய் வற்றல் மண்டிக்காரர் ஏழு என்கிறாரா எட்டு என்கிறாரா என்று அவருடைய சொந்தக் கணக்கப்பிள்ளைக்கே புரியாதபோது இவளுக்குப் புரியும். உளுந்து விலை, மல்லி விலை, யாருக்குக் குழந்தை பிறந்தது, யார் தவறிப்போனார்கள், எல்லாம் இந்த இடது காது வழியாகத்தான் ஊருக்குள் வந்தது. போர்டில் சின்னச் சின்ன விளக்குகள். ஒன்று எரியும், கை போகும், கயிற்றை எடுத்துச் செருகும், வாய் "நம்பர் ப்ளீஸ்" என்று சொல்லும். மனசுக்கு அங்கே வேலையே கிடையாது. பக்கத்துச் சீட்டில் இருக்கிறவளிடம் வத்தக்குழம்பு எப்படி வைப்பது என்று பேசிக்கொண்டே நூறு ஊர்களை இணைத்துவிடலாம். விளக்கு எரிந்தால் கை போகும். அவ்வளவுதான். விளக்கு எரிந்தால்.

விளக்கு எரிந்தது. கை அழுத்தியது. அப்போதுதான் சுகிர்தமணி கவனித்தாள். பர்வீனுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிக் கதவு போட்ட அலமாரி, அதற்குள் காது மிஷின்கள் வரிசையாக, மோதிரக் கடை மாதிரி. அந்தக் கதவில் பர்வீனுடைய மிஷினின் முன்பக்கம் பிரதிபலித்தது. மிஷினில் ஒரு சின்னப் பச்சை விளக்கு. பர்வீன் சத்தத்தை அனுப்பும்போதெல்லாம் அது எரிகிறது, இவள் கை போகிறது. எப்போதிலிருந்து? முதல் நாலைந்து சத்தம் நிச்சயமாகக் காதில்தான் கேட்டது. கேட்டதா? அந்த மூன்றாவது கேட்டது. ஐந்தாவது? கடைசிப் பத்து சத்தத்தில் ஒன்றையாவது ஞாபகத்தில் திருப்பிக் கேட்டுப் பார்க்க முடிகிறதா என்று உள்ளே தேடினாள். ஒன்றும் இல்லை. பச்சை மட்டும்தான் இருந்தது. அவள் ஏமாற்ற நினைக்கவே இல்லை. முப்பத்தொன்பது வருஷ சர்வீஸில் முதல் பாதி முழுக்கப் பழகின கை, தானாக வேலைக்குப் போய்விட்டது. கண்ணாடிக்கு அப்பால் பர்வீன் ஏதோ குறித்துக்கொண்டு, நிமிர்ந்து, புன்னகை செய்தாள். நல்லாப் பண்ணுறீங்க என்கிற புன்னகை. வகுப்பில் முதலில் கை தூக்குகிற பிள்ளைக்கு டீச்சர் கொடுப்பது. சுகிர்தமணியும் சிரித்துவைத்தாள். விளக்கு எரிந்தது. அழுத்தினாள். இந்தத் தடவை தெரிந்தே அழுத்தினாள்.

தெரிந்தே என்றால் தப்பா. தப்பு ரைட்டு இல்லை என்று அந்தப் பெண்ணே சொன்னாள். இப்படியே போனால் இன்னும் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும், காது நன்றாக இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள், ஷைனி வாயை மூடிக்கொள்வாள், வெளியே வாக்கரை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷன் "நான்தான் சொன்னேனே, அவளுக்கு வயசாகுது, கவனம் குறையுது, அவ்வளவுதான்" என்பார். எல்லாம் அப்படியே இருக்கும். மாடியும் அப்படியே இருக்கும். இதுதான் விஷயம். காது கேட்கவில்லை என்று ஒரு தாளில் எழுதிவிட்டால், அந்தத் தாளை அவர் கையில் வாங்கிப் பார்ப்பார். பாலிடெக்னிக் ஒர்க்‌ஷாப்பில் போர்மேனாக இருந்தவர், எந்தத் தாளையும் மேலிருந்து கீழ்வரை படிப்பவர். அப்புறம் நாலு மாசம் பின்னால் போய், அந்தச் செவ்வாய்க்கிழமைக் காலையை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார். அவள் அந்தக் காலையை ஒரு நாளைக்கு எத்தனையோ தடவை எடுத்துப் பார்த்துவிட்டாள். எடுக்கக் கூடாது என்றுதான் பார்ப்பாள், பிசைகிற மாவில் வரும், ஜெபத்துக்குக் கண்ணை மூடினால் வரும். பொங்கல் முடிந்த மறு வாரம். அவர் ஒன்பதரைக்குக் குளிக்கப் போனார். இவள் முன்ரூமில் சாய்வு நாற்காலியில் பேப்பரை மடித்துவைத்துக்கொண்டு, கட்டத்துக்குள் எண் போடுகிற புதிரைப் போட்டுக்கொண்டிருந்தாள். டி.வி. கூட ஓடவில்லை. இரண்டாவது காபி. ஜன்னல் வழியாக இளவெயில் காலில் விழுந்தது. வீடு எவ்வளவு அமைதியாக இருக்கிறது என்று நினைத்தாள். நினைத்தது மட்டும் இல்லை, அதற்காக மனசுக்குள் கர்த்தருக்கு ஸ்தோத்திரம்கூடச் சொன்னாள். அந்த நேரம் முழுக்க, இருபது அடி தூரத்தில், ஒரு சுவருக்கு அந்தப் பக்கம், இடுப்பு எலும்பு முறிந்து ஈரத் தரையில் கிடந்தபடி, அவர் அவள் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

நாற்பது நிமிஷம். பத்தேகாலுக்குத் தம்ளரைக் கழுவப் பின்கட்டுக்குப் போனபோது குளிக்க எடுத்துப்போன துண்டு இன்னும் கொடிக்குத் திரும்பவில்லை, சாத்தியிருந்த கதவுக்குக் கீழே தண்ணீர் வந்துகொண்டிருந்தது. திறந்தாள். வாளியோரமாகத் தலை. உதடு அசைந்துகொண்டிருந்தது, குரல் வந்ததா என்று தெரியவில்லை, உதட்டைப் படித்தாள்: எங்க போன? அதற்கு இவள் வாய் தானாகவே, போர்டில் நம்பர் ப்ளீஸ் சொல்கிற மாதிரி, யோசிக்காமல் சொன்னது: "மாடியில இருந்தேன். மிளகா காயப் போட்டுட்டு இருந்தேன்." மிளகாய் உண்மையில் மாடியில் காய்ந்துகொண்டுதான் இருந்தது. காலை எட்டு மணிக்கே போட்டுவிட்டு இறங்கியிருந்தாள். பொய்யில் பாதி உண்மை இருந்ததால் அது நன்றாக நின்றது. ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் சொன்னாள், மாடியில் இருந்தேன். ஷைனியிடம் சொன்னாள். பார்க்க வந்த சபை ஜனங்களிடம் சொன்னாள், அவர்களும் "பாவம், நீங்க என்ன பண்ணுவீங்க, மாடியில இருந்தா எப்படிக் கேக்கும்" என்றார்கள். சொல்லச் சொல்ல மாடியில் வெயிலும் மிளகாய் நெடியும்கூடச் சேர்ந்துகொண்டன. சில நாள் அவளே நம்பினாள். விளக்கு எரிந்தது. அழுத்தினாள்.

எப்போது ஆரம்பித்தது என்று பார்த்தால் அங்கேயும் ஒரு முடிச்சுதான். ரிட்டயர் ஆன வருஷமா, அதற்கு அடுத்த வருஷமா. வேலையில் இருந்தவரை வீட்டிலிருந்து ஆபீஸுக்கு நடந்துதான் போனாள், போக அரை மணி, வர அரை மணி, ஆபீஸில் இரண்டு மாடி ஏறி இறங்க வேண்டும். போர்டையெல்லாம் கழற்றிக்கொண்டு போன பிறகும் கவுண்டரில் உட்காரவைத்தார்கள். எட்டு மணி நேரமும் யாரோ ஒருவர் வந்து போன் வேலை செய்யவில்லை என்று சண்டை போடுவார், இவள் பதில் சொல்வாள். சனிக்கிழமை பாட்டுப் பயிற்சி, ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் இரண்டாம் குரல். அறுபதாவது பிறந்த நாளுக்கு மாலை போட்டு அனுப்பினார்கள், ஷைனி அந்தச் சாய்வு நாற்காலியை வாங்கி அனுப்பினாள், "இனிமேலாவது உக்காரும்மா" என்றாள். உட்கார்ந்தாள். முதல் மாசம் சொர்க்கம். மூன்றாம் மாசம் முழங்கால் பிடித்தது, அதனால் நடக்கவில்லை, நடக்காததால் உடம்பு போட்டது, உடம்பு போட்டதால் முழங்கால் இன்னும் பிடித்தது. சுகர் வந்தது. கோவிலில் ஆயருடைய பிரசங்கம் கஞ்சி மாதிரி கலங்கிக் கேட்டது. புது மைக் செட் சரியில்லை என்று நினைத்தாள். பாட்டில் சுதி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது; ஒரு ஞாயிறு பக்கத்தில் நின்றவள் திரும்பிப் பார்த்தாள், அவ்வளவுதான், அடுத்த வாரம் தலைவலி என்று சொல்லிவிட்டாள். கல்யாண வீட்டில் நாலு பேர் சேர்ந்து சிரித்தால் தானும் சிரித்தாள், எதற்கு என்று தெரியாமல். அப்புறம் கல்யாணங்களுக்கும் தலைவலி வந்தது. கேட்காததால் போகவில்லையா, போகாததால் பேச்சு கேட்கிற பழக்கமே விட்டுப்போய்க் காது தூர்ந்துவிட்டதா? கிணற்றை இறைக்காமல் விட்டால் ஊற்று அடைந்துவிடும் என்பார்களே, காதுமா அப்படி? சுகர் டாக்டர் ஒரு தடவை சொன்னார், மாத்திரை எழுதிக்கொண்டே, "நடங்க, நாலு பேரைப் பாருங்க, பேசுங்க." பேசுவதை ஒரு மருந்து மாதிரி சொல்கிறாரே என்று வீட்டுக்கு வந்து ஞானதுரையிடம் சொல்லிச் சிரித்தாள். அவர் பதிலுக்கு ஏதோ சொன்னார். என்ன என்று தெரியவில்லை. "ஆமா" என்றாள். இந்த ஆறேழு வருஷத்தில் அவள் அதிகமாகச் சொன்ன வார்த்தை அதுவாகத்தான் இருக்கும். ஆமா. சரி. அப்படியா.

இதற்கெல்லாம் அடியில் இன்னொன்று கிடந்தது, அதைத் தொடாமல் சுற்றிப் போவாள். எக்ஸ்சேஞ்சில் அவளோடு வேலை பார்த்த சந்தானலட்சுமி. ரிட்டயர் ஆகி மூன்று வருஷத்தில் ஆள் மாறிப்போனாள். போன வருஷம் பார்க்கப் போனபோது மகனுடைய பெயரைச் சொல்லத் தெரியவில்லை, ஆனால் ஊரில் இருந்த அத்தனை மண்டிகளின் பழைய மூன்று இலக்க நம்பரையும் கடகடவென்று சொன்னாள். அவளுக்கும் காது கேட்காமல்தான் தொடங்கியது என்று மருமகள் சொன்னதை மட்டும், பார், எவ்வளவு தெளிவாகச் சுகிர்தமணியின் காது வாங்கிக்கொண்டது. ஒரு வாரப் பத்திரிகையிலும் அதே மாதிரி ஏதோ எழுதியிருந்தார்கள், காதுக்குள் சத்தம் போகாவிட்டால் மூளைக்கு வேலை குறைந்துபோகும் என்று. பாதி படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிட்டாள். அப்புறம்தான் எண் புதிர் போட ஆரம்பித்தாள். மூளைக்கு வேலை. அந்தப் புதிர்தான் அன்றைக்குக் கையில் இருந்தது. எந்தப் பக்கம் போனாலும் அந்தக் காலையில்தான் கொண்டுபோய் விடுகிறது. பச்சை. அழுத்தினாள். வலது காது முடிந்துவிட்டது போல, பர்வீன் நீலத்தைக் காட்டி ஒரு சைகை செய்தாள். இடது. தலையசைத்தாள்.

நாலு மாசமாக அவள் அவரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. காதால் காவல் காக்க முடியாதவள் கண்ணால்தான் காக்க வேண்டும். அவர் கட்டிலில் இருந்தால் எதிரே நாற்காலி, அவர் வாக்கரோடு வாசலுக்கு வந்தால் நிலையில் சாய்ந்துகொண்டு இவள். சமையலறையிலிருந்து ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எட்டிப் பார்ப்பாள், இரண்டு தடவை பால் பொங்கி அடுப்பு அணைந்தது. தேவைப்பட்டால் தட்டட்டும் என்று அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு தட்டும் கரண்டியும் வைத்தாள், ஒரு நாள் அவர் தட்டியதும் கேட்கவில்லை, எட்டிப் பார்த்த நேரத்தில் கரண்டி கையில் இருந்தது, "இப்பத்தான் கேட்டுச்சு, வந்துட்டேன்" என்றாள். "என்னையே பாத்துட்டு உக்காந்திருக்கியே, என் முகத்துல என்ன படமா ஓடுது?" என்று அவர் கேலி செய்தார். ஆனால் அவருக்குப் பிடித்திருந்தது. நாற்பத்து மூன்று வருஷத்தில் இல்லாத கவனிப்பு. பார்க்க வருகிறவர்களிடம் சொல்லவும் சொன்னார், மணி என்னை ஒரு நிமிஷம் தனியா விட மாட்டேங்குறா. அதைக் கேட்கும்போது, அதாவது உதட்டில் படிக்கும்போது, அவளுக்கு உள்ளே எங்கேயோ அரித்தது. பிரியமாக அவர் நினைத்துக்கொண்டிருப்பது பயம். இல்லை, பிரியமும்தான். எது எவ்வளவு என்று அவளாலேயே பிரிக்க முடியவில்லை. இன்றைக்கு இந்தச் சோதனையில் ஜெயித்துவிட்டால் இனிமேலும் இப்படியேதான். இன்னும் பத்து வருஷம், இல்லை எத்தனை வருஷமோ, கண்ணை இமைக்காமல். அவருக்கு இருமல் இருக்கிறது. ஒரு நாள் அவர் இவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கூப்பிட்டால்? அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால்? மறுபடியும் நாற்பது நிமிஷம் அமைதியாக இருந்து, அதற்காக ஸ்தோத்திரம் சொன்னால்?

கண்ணை மூடினாள்.

இருட்டில் முதலில் ரத்தம் ஓடுகிற மாதிரி ஒரு இரைச்சல். மழைக்காலத்துக் கொச்சி லைன். அதற்கு அப்பால் யாராவது பேசுகிறார்களா என்று பழைய மாதிரி காதைக் கூர்மையாக்கி உள்ளே நுழைந்தாள். யாரும் இல்லை. கட்டை விரல் தானாகப் பட்டனை அழுத்தப் பார்த்தது, இப்போது விளக்கு எரிந்திருக்கும், இப்போது அணைந்திருக்கும், மறுபடி எரிந்திருக்கும் என்று விரலுக்குத் தெரிந்தது, அதைப் பிடித்து நிறுத்துவது ஓடுகிற மாட்டைப் பிடிப்பது போல இருந்தது. ஒரு பீப் வந்தது. வந்ததா? அவளாக உண்டாக்கிக்கொண்டதா? அழுத்தவில்லை. கேட்டது நிச்சயமானால்தான் அழுத்துவது. நேரம் போய்க்கொண்டே இருந்தது. இவ்வளவு தூரத்துக்கா போய்விட்டது என்று அவளுக்கே திகைப்பாக இருந்தது. ஏதோ கொஞ்சம் மந்தம் என்றுதான் இதுநாள்வரை தனக்குத் தானே சொல்லிவைத்திருந்தாள். இந்த வெறுமையில்தான் அவர் கூப்பிட்டிருக்கிறார். இதற்குள்தான் அந்தக் குரல் விழுந்து காணாமல் போயிருக்கிறது. முதல் தடவை எரிச்சலாகக் கூப்பிட்டிருப்பார், அப்புறம் சத்தமாக, அப்புறம்? தோளில் ஒரு கை விழுந்தது. பதறிக் கண்ணைத் திறந்தாள். பர்வீன் ஹெட்போனை மெதுவாக விலக்கினாள்.

"அம்மா, தூங்கிட்டீங்களா? இவ்வளவு நேரம் நல்லா அமுக்குனீங்க, திடீர்னு நிறுத்திட்டீங்க."

"தூங்கல தாயி." சுகிர்தமணி கண்ணாடிக்கு அப்பால் கை காட்டினாள். "அந்த அலமாரிக் கதவுல உன் மிஷின் விளக்கு தெரியுது. அதைப் பாத்துத்தான் அமுக்கினேன். முதல்ல நாலஞ்சுதான் கேட்டுச்சு. மத்ததெல்லாம் தப்பு. திரும்ப முதல்லருந்து போடு."

பர்வீன் திரும்பிப் பார்த்தாள். சிரித்துவிட்டாள். "ஒன்றரை வருஷமா இங்க உக்காந்திருக்கேன், இதை யாரும் சொல்லலம்மா. எத்தனை பேர் இப்படிப் பாஸ் ஆகிட்டுப் போனாங்களோ." வெளியே போய், நாற்காலியில் கிடந்த துப்பட்டாவை எடுத்து அலமாரிக் கதவின் மேல் போட்டு மூடினாள்.

இரண்டாவது தடவை வேகமாக முடிந்துவிட்டது; கேட்காததற்கு அதிக நேரம் பிடிக்காது. அதற்குப் பிறகு வார்த்தைச் சோதனை. பர்வீன் வாயை ஒரு தாளால் மறைத்துக்கொண்டு மைக்கில் சொல்ல, இவள் திருப்பிச் சொல்ல வேண்டும். பட்டு என்றாள் சுகிர்தமணி. கட்டு. பாடம். பாலம். ஒவ்வொன்றையும் போர்டில் நம்பரைத் திருப்பிச் சொல்கிற அதே மிடுக்கோடு சொன்னாள், ஒவ்வொன்றுக்கும் பர்வீனின் பேனா அசைந்த விதத்தில் தப்பு என்று தெரிந்தது. அந்தத் தாள் மட்டும் இல்லாவிட்டால் எல்லாவற்றையும் சரியாகச் சொல்லியிருப்பாள். அப்படியென்றால் இத்தனை வருஷமாக அவள் கேட்டதெல்லாம் உதடுகளைத்தான். அதனால்தான் ஷைனியின் போன் மட்டும் அவளைக் காட்டிக்கொடுத்தது. முடிந்ததும் பர்வீன் கோடுகள் போட்ட தாளை எதிரே வைத்து, நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு, அவசரப்படாமல் சொன்னாள்: இரண்டு காதிலுமே குறைந்திருக்கிறது, இடதில் கூடுதல். மிஷின் வைத்தால் பேச்சு வரும், ஆனால் உடனே வந்துவிடாது, பழக வேண்டும், சும்மா வீட்டில் மிஷினைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பிரயோஜனம் இல்லை. "இது நேத்து இன்னைக்கு வந்ததில்லம்மா. ரொம்ப நாளா இருந்திருக்கும். வீட்ல யாரும் கவனிக்கலையா?" சுகிர்தமணி அந்தத் தாளைப் பார்த்தாள். கோடு இடப்பக்கம் மேலே தொடங்கி, வலப்பக்கம் போகப் போக மாடிப்படி மாதிரி இறங்கியது. "நான் கவனிக்க விடல" என்றாள்.

வெளியே ஞானதுரை சுவரோரப் பெஞ்சில், வாக்கரின் மேல் இரண்டு கைகளையும் வைத்து உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு அம்மாவும் சின்னப் பெண்ணும் முறைக்காகக் காத்திருந்தார்கள். அவர் கையை நீட்டினார். அவள் தாளைக் கொடுக்கவில்லை. தாள் சொல்வதற்கு முன்னால் தான் சொல்லிவிட வேண்டும், தாள் சொன்ன பிறகு சொன்னால் அது வேறு என்று அவளுக்குத் தோன்றியது. நின்றுகொண்டே சொன்னாள்.

"அன்னைக்கு நான் மாடியில இல்ல."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"முன்ரூம்லதான் உக்காந்திருந்தேன். பேப்பர் பாத்துட்டு. நீங்க கூப்பிட்டது எனக்குக் கேக்கல. ஒரு தடவைகூடக் கேக்கல. ரெண்டு காதும் போயிருச்சுன்னு இந்தப் பிள்ளை எழுதிக் கொடுத்திருக்கு. எனக்கு முன்னாடியே தெரியும். பயத்துல பொய் சொல்லிட்டேன்."

அவர் முகம் இறுகியது. தாடை அசைந்தது. "நாலு மாசமா," என்றார், அது உதட்டில் தெளிவாகத் தெரிந்தது. "நாலு மாசமா மாடி மாடின்னு... ஆயரு வந்தப்பக்கூட..." பிறகு தலையைக் குனிந்துகொண்டு, வாக்கரின் கைப்பிடியைப் பார்த்தபடி இன்னும் ஏதோ சொன்னார். நீளமாகச் சொன்னார். குனிந்த தலையில் வழுக்கைதான் தெரிந்தது, உதடு தெரியவில்லை. வழக்கமாக இந்த இடத்தில் ஆமா என்பாள், அல்லது சரி என்பாள், விட்டுவிடலாம், திட்டுகிறார் போல, திட்டட்டும். ஆமா என்கிற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினாள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் மோவாயைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினாள்.

"காதுல விழல. என்ன சொன்னீங்க? திரும்பச் சொல்லுங்க."

அவர் தயங்கினார். ஒரு தடவை சொல்வதற்கே அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். எதிரே இருந்தவர்களைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பிறகு ஒர்க்‌ஷாப்பில் லேத் மிஷின்களின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகிய அந்தப் பழைய குரலை எடுத்துக்கொண்டு சொன்னார். எதிரே இருந்த அம்மா திரும்பினாள், கதவருகில் பர்வீன் நின்றுவிட்டாள்.

"நான் அத்தனை கூப்பிட்டும் நீ வரலையா, நீதான் உள்ள எங்கயோ செத்துக் கிடக்கன்னு நெனச்சேன்! என் இடுப்பைப் பத்தி நெனப்பே இல்ல எனக்கு. உன்கிட்ட வர முடியலையேன்னுதான் அந்தத் தரையில கிடந்து நகந்து பாத்தேன். நாற்பது நிமிஷமும் நீ இல்லன்னுதான் நெனச்சேன் மணி!"

கேட்டது. முழுவதும் கேட்டது. அவர் மூச்சு வாங்கினார், கோபமா அழுகையா என்று சொல்ல முடியாதபடி கண் சிவந்திருந்தது. நாலு மாசமாக இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. சொல்லியிருந்தாலும் தனக்குக் கேட்டிருக்காது என்பதும் புரிந்தது. எழுந்து, வாக்கரைச் சுற்றி வந்து, கொஞ்சமாவது கேட்கிற வலது காது அவர் பக்கம் வரும்படி மறுபக்கத்தில் உட்கார்ந்தாள்.

"சொல்லுங்க," என்றாள். "நகந்து எது வரைக்கும் வந்தீங்க?"

அவர் சொல்ல ஆரம்பித்தார்.